தானியேல் பூன் குடிபெயர்ந்த வரலாறு

மக்கள் தாம் பிறந்த ஊரைவிட்டு வேற்றூருக்குக் குடிபெயர்தல் பல காரணம் பற்றி நிகழும். பஞ்சம் பற்றிப் பெயர்வாரும், பகை பற்றிப் பெயர்வாரும், அரசியல் நெருக்கடி பற்றிப் பெயர்வாரும் உளர். உண்ண உணவும் உறைய மனையும் உள்ளவிடத்தும், மலைக்கு அப்பால் உள்ள நிலம் வளமான நிலம், அங்குள்ள காடு வேட்டைக்கு உகந்த காடு என்னும் நினைவினால் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பெயர்ந்த ஒருவருடைய வரலாற்றை இங்கே உரைக்கப் புகுகின்றோம். அவர் அமெரிக்க நாட்டிலே சிறுவரும் பெயரறிந்த தானியேல் பூன் என்பார். அவரைப்பற்றி வழங்கும் கதைகள் பல. கட்டுக்கதைகளும் அவற்றுட் கலந்துள. வீரக் கதைகளை விரித்துரைத்தல் நம் கருத்தன்று. அவர் தம் குடும்பத்தை எக்காரணம் பற்றி எங்கெங்கே கொண்டுசென்றார், அதனாற் பெற்றது யாது, இழந்தது யாது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

பூன் 1734-ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாவில், இக்காலத்து ரெடிங் நகருக்கு அணித்தாயுள்ள ஓலி பள்ளத்தாக்கில் பிறந்தார். தந்தையார் ஸ்குவயர் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியினின்றும் 1713-ல் கடல் கடந்து வந்தவர். தறியும் கொல்லுலையும் ஆகிய இரண்டையும் நடத்தியவர். தாயார் சாரா மார்கன் வேல்ஸ் நாட்டு வழியினர். இருவரும் குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தோர். அவர்தம் மக்கள் பதினொருவருள் தானியேல் ஆறாமவர். வீட்டிற்குச் சில மைல் அப்பால் தந்தையார்க்கு 25 ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருந்தது. கோடைதோறும் தாயார் பசுக்களை அங்கே ஓட்டிச்சென்று, சிறுகுடிலில் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுப்பார்; தானியேல் உடன்சென்று மாடு மேய்ப்பார். மேய்க்கச் சென்ற பிள்ளை காட்டையே பள்ளியாக்கிக் கொண்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவிற் கையில் துப்பாக்கியும் வந்தது. எழுதவும் வாசிக்கவும் அவர் அறிவார். ஆயினும் அவர் கைப்பட எழுதியவற்றில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். அது கொண்டு அவரைக் கல்லாதவர் என்று தள்ளிவிடுதல் கூடாது. பிற்காலத்தே வேட்டைக் கூடாரத்தில் தோழர் நடுவே கலிவரின் பிரயாணக் கதை வாசிக்கப்பெற்றமையும், அக்கதையிலுள்ள ஊர்ப்பெயர் ஒன்று சிதைந்து அங்குள்ள ஓடைக்குப் பெயராய் இன்றளவும் நிற்பதும் அறியத்தக்கன.

முதற் குடிபெயர்ச்சி தந்தையாரால் நேர்ந்தது. 1742-ல் மூத்த மகளும், 1747-ல் மகன் ஒருவரும் குவேக்கர் அல்லாத குடியில் மணஞ்செய்துகொண்டனர். முன்னதற்குச் சபையார் முன்னிலையில் வருத்தந் தெரிவித்த ஸ்குவயர் பூன், பின்னதற்கு அவ்வாறு செய்ய உடன்படாமையால் சபையினின்றும் நீக்கப்பெற்றார். மனைவியார் மாத்திரம் மக்களோடு சபைக்குச் சென்றுவந்தார். 1750-ல் அவர் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பம் முழுவதையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டு, முடிவில் வட கரோலினாவில் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் குடியேறினார். சபையோடு நேர்ந்த பிணக்கு ஒருபுறமிருக்க, பதினொரு மக்களுக்குப் பங்கிடப் போதிய நிலம் பழைய இடத்தில் இல்லாமையும், தெற்கே நிலம் மலிவாய்க் கிடைத்தமையும் இதற்குக் காரணங்களாம். அக்காலத்தே அப்பெருவழியில் இவ்வாறு வண்டிகட்டிச் சென்ற குடும்பங்கள் மிகப்பல.

யாட்கின் கரையில் தானியேல் வளர்ந்து வேட்டையையே தொழிலாகக் கொண்டார். அது பொழுதுபோக்கு அன்று. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மான்தோல்; குளிர்காலத்தில் பீவர், நீர்நாய் முதலியவற்றின் மென்மயிர்த் தோல். இவற்றைக் குதிரைமேல் ஏற்றிக் கொணர்ந்து வணிகரிடம் கொடுத்து வெடிமருந்தும் ஈயமும் துணியும் வாங்குதலும், கடனை அடைத்தலும் வழக்கம். மாதக்கணக்கிற் காட்டில் தங்குவோரை நெடுவேட்டையர் என்றே அவ்வூரார் வழங்கினர். 1755-ல் பிராடக் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் பிரெஞ்சுக்காரர்மேற் படையெடுத்துத் தோற்றபோது, பூன் அப்படையில் வண்டியோட்டியாய் இருந்தார். அங்கே ஜான் ஃபின்லி என்னும் வியாபாரி, மலைத்தொடருக்கு மேற்கே கெண்டக்கி என்றொரு நாடு உண்டு, ஆண்டு மானும் காட்டெருமையும் கணக்கின்றித் திரியும் என்று அவர் செவியில் ஓதினார். அச்சொல் பதினான்கு ஆண்டு அவர் உள்ளத்தே கிடந்து பின் முளைத்தது.

1756 ஆகஸ்டு 14-ல் அவர் ரெபெக்கா பிரையன் என்னும் பெண்ணை மணந்தார். அவ்வம்மையார்க்கு அப்பொழுது வயது 17. இவ்வரலாற்றிலே கணவர்க்கு நிகராகப் போற்றத்தக்கவர் அவரே என்பது எமது துணிபு. மக்கள் பதின்மரைப் பெற்றார். தாயிழந்த உறவினர் பிள்ளைகளையும் வளர்த்தார். கணவர் ஆண்டிற் பெரும்பகுதி காட்டிலிருக்க, உழவும் மாடும் அறுவடையும் கடன்காரர் வருகையும் அவர் தலையிலேயே விழுந்தன. பொருள்வயிற் பிரிந்த தலைவனை நினைந்து இல்லிருக்கும் தலைவியை நம் புலவர் பாலைத்திணையில் வைத்துப் பாடினர். ஆனால் அத்தலைவி கட்டைபிளந்து, ஏர்பிடித்து, தானே துப்பாக்கி எடுத்து வேட்டையாடி மக்களுக்கு இறைச்சி கொணர்ந்ததாக யாம் கண்டதில்லை. ரெபெக்கா அவையெல்லாஞ் செய்தார். செரோக்கியர் போர் மூண்ட காலத்துக் குடும்பம் வர்ஜீனியாவிற் கல்பெப்பர் என்னும் பகுதிக்கு ஓடி, அமைதி வந்தபின் யாட்கினுக்கு மீண்டது.

1763-ல் ஃப்ளாரிடா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. குடியேறுவார்க்கு ஆண்டு நிலம் கிடைக்கும் என்று கேட்டு, 1765-ல் பூன் தோழர் சிலருடன் சென்று பார்த்து, பென்சகோலா நகரில் மனை ஒன்றும் குறித்துவைத்து மீண்டார். ரெபெக்கா அதற்கு இசையவில்லை. உற்றாரையும் பெற்றோரையும் விட்டு அத்துணைத் தொலைவு வர அவர் மறுக்கவே, அவ்வெண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது. காட்டில் எவர்க்கும் அடங்காதவர் என்று கதைகள் கூறும் அவ்வேட்டையர் மனைவியின் மறுப்புக்கு அடங்கினார் என்பதை அவர் புகழ் பாடுவோர் பலர் விட்டுவிடுகின்றனர்.

பின்னர் மேற்கே கருத்துச் சென்றது. 1767-ல் மலையின் மேற்குச் சரிவுவரை ஒருமுறை சென்றார். 1769 மே மாதம் முதல் நாள், பழைய ஃபின்லியும் மைத்துனர் ஜான் ஸ்டூவர்ட்டும் உள்ளிட்ட அறுவராய்ப் புறப்பட்டுக் கம்பர்லாந்துக் கணவாய் வழியே கெண்டக்கியுட் புகுந்தனர். ஏழு மாதம் வேட்டையாடித் தோல்களைக் குவித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 22-ல் ஷானி என்னும் தொல்குடியினர் அவர்களைப் பிடித்து, தோல் முழுவதையும் பறித்துக்கொண்டு, இது தமது வேட்டைநிலம், மீண்டும் வரலாகாது என்று எச்சரித்து விடுத்தனர். நியாயம் பார்க்குமிடத்து ஷானியர் கூற்றிற் பிழையில்லை. மலைக்கு மேற்கே குடியேறலாகாது என்று 1763-ல் இங்கிலாந்து மன்னரே ஆணை பிறப்பித்திருந்தார். 1768-ல் ஈரோக்வாயர் என்னும் வேறு குடியினர் அந்நிலத்தின்மேல் தமக்குள்ள உரிமையை ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்தபோது, அங்கே வேட்டையாடி வந்த ஷானியரை எவரும் கேட்கவில்லை. பூன் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது தங்கினார். ஸ்டூவர்ட் காட்டிலே காணாமற் போனார். தம்பி ஸ்குவயர் உணவும் மருந்துங் கொணரும் பொருட்டு ஊர் திரும்ப, பூன் ஏறக்குறைய மூன்று மாதம் தன்னந்தனியராய் அவ்வனத்தில் அலைந்தார். 1771-ல் இருவரும் வீடு நோக்கி வருகையில் மறுபடியும் தோல்கள் பறிபோயின. இரண்டாண்டு உழைத்தவர் வெறுங்கையராய் மனை புகுந்தார்.

எனினும் கண்ட நிலம் அவரை விடவில்லை. 1773 செப்டம்பர் 25-ல் யாட்கினில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, மனைவி மக்களோடும் ஐம்பதின்மர் அளவினரோடும் கெண்டக்கிக்குப் புறப்பட்டார். வண்டி செல்லும் வழி இல்லாமையாற் பொருள்கள் குதிரைகளின்மேல் ஏற்றப்பட்டன. மூத்த மகன் ஜேம்ஸ் அப்பொழுது 16 வயதினன். அவனும் வேறு சிலரும் மாவும் கருவியுங் கொணரப் பின்தங்கி, அக்டோபர் 9-ஆம் நாள் இரவு தந்தையார் தங்கிய இடத்திற்குச் சில மைல் இப்பால் தங்கினர். மறுநாள் விடியலில் டெலவேர், ஷானி, செரோக்கி ஆகிய குடியினர் சிலர் அவர்களைத் தாக்கினர். ஜேம்ஸும், அவனையொத்த ஹென்றி ரஸ்ஸல் என்பானும் உடனே இறவாது, சொல்லற்கரிய வதைக்கு உள்ளாகி மாண்டனர். ரஸ்ஸல் குடும்பத்து அடிமையாகிய ஆதாம் என்னும் கறுப்பர் ஆற்றங்கரை மரக்குவியலிற் பதுங்கி யாவுங் கண்டு, பல நாள் வழிதவறி அலைந்து வந்து நடந்ததை உரைத்தார். பிள்ளைகளைப் புதைக்கச் சென்றவர்களிடம் ரெபெக்கா தம் பெட்டியிலிருந்த சணல்நூல் விரிப்புக்களை எடுத்துக் கொடுத்தனுப்பினார். குழியைத் தோண்டிச் சென்றவர்கள் அவற்றிற் சுற்றிப் புதைத்தனர். உடன்வந்தோர் திரும்பினர். பூனுக்குத் திரும்ப வீடும் நிலமும் இல்லை. கிளிஞ்ச் ஆற்றங்கரையில் ஒருவர் கொடுத்த குடிலில் அக்குளிர்காலத்தைக் கழித்தனர். அடுத்த ஆண்டு அவர் தனியே மகனுடைய புதைகுழிக்குச் சென்று, ஓநாய்கள் கிளறியிருந்தமை கண்டு அதனைச் செப்பனிட்டு வந்தார் என்று குடும்பத்தார் பிற்காலத்திற் கூறினர்.

இவ்வளவின் பின்னரும் அவர் மீண்டுஞ் சென்றார், அம்மையாரும் உடன்சென்றார். 1775 மார்ச்சு மாதத்தில் ரிச்சர்டு ஹெண்டர்சன் என்னும் நியாயவாதி டிரான்சில்வேனியாக் கம்பெனி என்று ஒன்று கூட்டிச் செரோக்கியத் தலைவர் சிலரிடம் ஏறக்குறைய 2 கோடி ஏக்கர் நிலத்தை விலைபேசினார். பூன் முப்பதின்மர் அளவினரோடு முன்சென்று மரம் வெட்டிப் புதர் நீக்கி வழி சமைத்தார். அவ்வழியே பின்னாளில் லட்சக்கணக்கான மக்கள் மேற்கே செல்லும் பெருவழியாயிற்று. கெண்டக்கி ஆற்றங்கரையில் எழுந்த கோட்டை அவர் பெயரால் பூன்ஸ்பரோ எனப்பட்டது. செப்டம்பரில் குடும்பம் வந்துசேர்ந்தது. அவ்வாற்றங்கரையில் நின்ற முதல் வெள்ளைப் பெண்டிர் தம் மனைவியும் மகளுமே என்று அவர் பிற்காலத்திற் பெருமிதங் கொள்வார். வழி சமைத்ததற்குக் கம்பெனியார் 2,000 ஏக்கர் தருவதாகச் சொல்லியிருந்தனர். வர்ஜீனியா அரசாங்கத்தார் 1778-ல் அக்கம்பெனியின் கிரயமே செல்லாதென்று தள்ளினர். கம்பெனியார்க்கு ஈடாக 2 லட்சம் ஏக்கர் கிடைத்தது. பூனுக்கு ஒன்றுங் கிடைக்கவில்லை.

1776 ஜூலையில் மகள் ஜெமிமாவைப் பகைவர் கவர்ந்துசென்றதும், மூன்றாம் நாள் தந்தையார் தொடர்ந்து மீட்டதும் பலரும் அறிந்த கதை. 1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சச் சென்றவிடத்துப் பூனும் தோழரும் ஷானியரிடம் அகப்பட்டனர். ஷானியர் தலைவர் அவரைத் தம் மகனாக ஏற்று, பேராமை என்று பொருள்படும் பெயரிட்டு வளர்த்தார். நான்கு மாதத்தின்பின், கோட்டையைத் தாக்க ஏற்பாடு நடப்பதைக் கண்டு தப்பி, 160 மைல் வழியைச் சில நாட்களிற் கடந்து வந்தார். வந்து பார்க்கையில் மனை வெறுமையாயிருந்தது. கணவர் இறந்தாரென்றே கருதிய ரெபெக்கா மக்களை அழைத்துக்கொண்டு யாட்கினில் தம் பெற்றோர் பால் சென்றிருந்தார். மணமான மகள் ஜெமிமா ஒருத்தியே கோட்டையிற் காத்திருந்தாள். செப்டம்பரில் நிகழ்ந்த முற்றுகையைக் கோட்டையார் வென்றனர். பின்னர்ப் பகைவர்க்கு உதவினார் என்று பூன்மேற் குற்றஞ்சாட்டிப் படைமன்றத்தில் விசாரித்தனர். அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகி, பதவியும் உயர்ந்தது. ஆயினும் அவ்விசாரணையைப்பற்றி அவர் பின்னர்ப் பேசவே விரும்பியதில்லை. 1782 ஆகஸ்டு 19-ல் புளூ லிக்ஸ் போரில் இஸ்ரவேல் என்னும் மகனும் தந்தையார் கண்ணெதிரே வீழ்ந்தான்.

நிற்க. நிலத்தின் கதைக்கு வருவோம். இவ்வளவும் எதற்காகப் பொறுத்தாரோ அந்நிலம் அவர் கையில் நின்றதா என்பது கேள்வி.

வர்ஜீனியா அரசாங்கத்தார் 1779-ல் இயற்றிய நிலச் சட்டத்தின்படி, 1778-ஆம் ஆண்டு பிறக்குமுன் கெண்டக்கியிற் குடியேறியவர்க்கு 400 ஏக்கரும், அதனை அடுத்து 1,000 ஏக்கர் முன்னுரிமையாய் வாங்கும் பேறும் உண்டு. ஏனையோர் கஜானாவிற் பணங்கட்டி உரிமைச்சீட்டுப் பெறலாம். சீட்டுப் பெற்றவர், இன்ன ஓடைக்குக் கிழக்கே, இன்ன மரத்திற்கு வடக்கே என்று இடங் குறித்துப் பதிவு செய்ய வேண்டும்; பின்னர் அளவையாளரைக் கொண்டு அளப்பிக்க வேண்டும்; அளவை விவரத்தை நிலக் கச்சேரியிற் சேர்ப்பித்துக் கட்டணம் செலுத்தினாலன்றிப் பட்டா கைக்கு வராது. இவற்றுள் ஒருபடி தவறினும் உரிமை போயிற்று. அரசாங்கத்தார் முன்னதாக நாட்டை அளந்து எல்லைக்கல் நாட்டவில்லை. ஆகவே ஒரே நிலத்தை மூவர் நால்வர் வெவ்வேறு அடையாளங் கூறிப் பதிந்தனர். கூரை ஓடுகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடப்பதுபோல உரிமைகள் ஏறிக் கிடந்தன. நம் ஊர்களிலே ஒரு வரப்புக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டில் ஏறி இறங்குவாரைக் கண்டிருக்கும் அன்பர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. தருக்கத்திலும் சட்டத்திலும் வல்லவர் வென்றனர். காட்டை மாத்திரம் அறிந்தவர் தோற்றனர். பூன் தாமே அளவையாளராய்ப் பிறர்க்கு நிலம் அளந்து கொடுத்தவர். அவர் அளவைகள் சில செம்மையற்றன என்று வழக்குக்கு வந்தன. விற்ற நிலத்தின் உரிமை குலைந்தவிடத்து வாங்கியவர் அவரையே ஈடு கேட்டனர். தம் உரிமைகளையோ அவர் உரிய காலத்திற் பதிந்து முடிக்கவில்லை. குடியேறிய நிலத்தின் உரிமையை ஆராயாது வாளாவிருந்ததும், சாட்சி சொல்ல அழைத்தவிடத்துச் செல்லாமையும் அவர்பாற் கண்ட குறைகளே. பல்லாயிரம் ஏக்கருக்கு உரிமை கோரிய அவரிடம் இறுதியில் ஓர் ஏக்கரும் எஞ்சவில்லை.

இடையே 1780-ல் நேர்ந்த ஒன்று அவர் இயல்பைக் காட்டும். தம் பணத்தோடு அயலார் பலருடைய பணத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 20,000 டாலர் எடுத்துக்கொண்டு உரிமைச்சீட்டு வாங்க வர்ஜீனியாத் தலைநகர் நோக்கிச் சென்றார். வழியிற் சாவடியொன்றில் உறங்குகையில் அத்தொகை முழுவதும் களவு போயிற்று. பெருந்தொகை இழந்த ஹார்ட் சகோதரர் அவர் நேர்மையில் ஐயமில்லை என்று பொறுத்தனர். வேறு சிலர் திருப்பித் தரவேண்டுமென்றனர். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தியதோ இல்லையோ, அவர் பல்லாண்டு உழைத்து அக்கடனை அடைத்துவந்தார்.

1784-ல் ஜான் ஃபில்சன் என்பார் வெளியிட்ட கெண்டக்கி நூலால் அவர் பெயர் ஐரோப்பாவரை பரவியது. புகழ் வளர வளரப் பொருள் தேய்ந்தது. ஒஹையோ ஆற்றங்கரையில் லைம்ஸ்டோன் என்னும் துறையில் விடுதியும் கடையும் நடத்தினார், அடிமைகளையும் வைத்திருந்தார், பின்னர்க் கனாவா ஆற்றுப் பக்கம் பெயர்ந்தார், அங்கும் நிலைக்கவில்லை. 1798-ஆம் ஆண்டிலே கெண்டக்கி அரசாங்கத்தார் ஒரு மாவட்டத்திற்கு அவர் பெயரை இட்டனர். அவ்வாண்டிலேயே, வழக்கொன்றிற் சாட்சி சொல்ல வராமை பற்றி அவரைப் பிடித்துவரக் கட்டளையும் பிறந்தது.

1799-ல், 65-ஆம் வயதை எட்டும் பருவத்தில், அவர் கெண்டக்கியை விட்டார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நாடு அப்பொழுது ஸ்பெயின் மன்னர் ஆட்சியில் இருந்தது. மகன் தானியேல் மார்கன் முன்னரே சென்று பார்த்து, நிலம் இனாமாகக் கிடைக்கும், மானும் பீவரும் மலிந்துள்ளன என்று செய்தி கொணர்ந்தார். ஸ்பானிய அதிகாரிகளும் இவர் பெயரறிந்து வரவேற்றனர். பெரியதொரு பாப்லர் மரத்தை வெட்டிக் குடைந்து தோணி செய்தனர். ரெபெக்காவும் பிறரும் தட்டுமுட்டுக்களோடு நீர்வழிச் செல்ல, கிழவர் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு கரைவழியே நடந்தார். மணமான மகளிர் குடும்பங்களும் உடன்வந்தன. இளைய மகன் நாதன், வயது 18, வழியிலே மனம் மாறித் திரும்பிச்சென்று தான் காதலித்த ஆலிவ் என்னும் பதினாறு வயதுப் பெண்ணை மணந்து அவளோடு குதிரைமேற் பின்தொடர்ந்து வந்துசேர்ந்தார்.

அண்டையில் மனிதர் நெருங்கிவிட்டமையால் மூச்சுவிட இடமின்றி ஓடினார் என்று இப்பெயர்ச்சிக்குக் காரணங் கூறும் கதையொன்று உண்டு. ஆங்கிலக் கவிஞர் பைரனும் அவரை நகர்வெறுத்த வனவாசியாகவே பாடினார். அது கதையே. மக்கள், மருமக்கள், பேரர் என்று பெருங்கூட்டத்தை உடன்கொண்டு செல்பவர் தனிமை நாடுபவர் ஆகார். நிலத்தை இழந்தார், கடன்பட்டார், மக்களை ஒருங்கே குடியமர்த்த இடம் தேடினார் என்பதே உண்மை.

அங்கே ஃபெம் ஓசாஜ் என்னும் பகுதிக்கு அவரை நியாயாதிபதியாகவும் தலைவராகவும் நியமித்து, 1,000 ஆர்ப்பென்ட், அதாவது ஏறக்குறைய 850 ஏக்கர் அளித்தனர். சட்டநூல் கல்லாதவர் மரநிழலிலிருந்து வழக்குத் தீர்த்தார். நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டு, நியூ ஆர்லியன்ஸ் நகரிற் பத்திரத்தை உறுதிப்படுத்தல் முறை. அதிகாரியாகிய நீர் அவ்வாறு செய்யவேண்டுவதில்லை என்று ஸ்பானியத் துரை சொன்ன வாய்மொழியை நம்பி அவர் விட்டுவிட்டார். 1803-ல் அந்நாடு முழுவதும் அமெரிக்கா கைக்கு மாறியது. 1809-ல் அமெரிக்கக் கமிஷனர்கள், சாகுபடியுமில்லை, உறுதிப் பத்திரமுமில்லை என்று அவர் உரிமையைத் தள்ளினர். கெண்டக்கியில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

அவர் காங்கிரஸுக்கு விண்ணப்பம் எழுதினார். விடை வருமுன் 1813 மார்ச்சு 18-ல் ரெபெக்கா இறந்தார். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கச் சென்றவிடத்து நோய்ப்பட்டு, ஜெமிமாவின் இல்லத்தில் உயிர்நீத்தார். ஏறக்குறைய 57 ஆண்டு இல்லறம். தம் வாழ்நாளில் நேர்ந்த துயரங்களுள் இதுவே பெரிதென்று பூன் கருதினார். 1814 பிப்ரவரி 10-ல் காங்கிரஸ் அந்த 1,000 ஆர்ப்பென்ட் நிலத்தை மீட்டுக்கொடுத்தது. செய்தி கேட்டுக் கெண்டக்கிக் கடன்காரர் வந்தனர். அவர் அந்நிலத்திற் பெரும்பகுதியை விற்று அவர்கள் கணக்கைத் தீர்த்தார்.

மூட்டுவலி மிகுந்தும், கண் மங்கியும், கூடியமட்டும் அவர் வேட்டைக்குச் செல்வதை விடவில்லை. 1820 ஜூனில் செஸ்டர் ஹார்டிங் என்னும் ஓவியர் நெடுவழி வந்து அவர் உருவை எழுதினார். நேரிற்கண்டு எழுதிய உருவம் அது ஒன்றே. அவ்வாண்டு செப்டம்பர் 26-ல் மகன் நாதன் கட்டிய கல்வீட்டிலே, 86-ஆம் வயது நிறையச் சிறிது நாள் இருக்கையில், அவர் உயிர்பிரிந்தது. ரெபெக்காவின் பக்கத்திலே அடக்கஞ் செய்தனர்.

25 ஆண்டு கழிந்தபின், 1845-ல், கெண்டக்கியார் வந்து உறவினர் இசைவுபெற்று இருவர் எலும்புகளையும் தோண்டியெடுத்துத் தங்கள் தலைநகராகிய ஃபிராங்க்போர்ட்டுக்குக் கொண்டுசென்று, பெருஞ் சிறப்போடு அடக்கம் செய்து நினைவுக்கல் நாட்டினர். வேறொருவர் எலும்பையே அவர்கள் கொண்டுபோயினர், பூன் இங்கேயே உள்ளார் என்று மிசௌரியார் வாதிடுகின்றனர். இரு நாட்டிலும் கல்லறை உண்டு. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.